1,300 பேரும் ஒரு நீதிமன்ற அறையும்: பாஸ்டனில் தெருக் கும்பல் வன்முறை அடங்கியதும் திரும்ப வந்ததும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1989 முதல் சுமார் இருபது ஆண்டுகள் நடந்ததைப் பற்றிய ஆய்வு இது. தெருக் கும்பல்களைக் காவல்துறை எப்படிக் கையாளலாம், எப்படிக் கையாண்டால் நிலைமை இன்னும் கெட்டுப்போகும் என்ற இரண்டையும் இந்த ஒரே ஊரில் பார்க்க முடிகிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். அதே காவல்துறைதான், அதே தெருக்கள்தான். முதலில் தோற்றார்கள், பிறகு ஜெயித்தார்கள், அப்புறம் ஜெயித்த வழியையே கைவிட்டு மறுபடியும் பிணங்களை எண்ணினார்கள்.

இளைஞர்கள், அதிகாரிகள், பலியானவர்கள் யாருடைய பெயரையும் இங்கே சொல்லவில்லை. குழுக்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

மற்ற பெரிய அமெரிக்க நகரங்களைவிடச் சற்றுத் தாமதமாகத்தான் கிராக் கொகெய்ன் என்ற போதைப்பொருள் பாஸ்டனுக்குள் வந்தது. 1980-களின் கடைசியில் வந்து சேர்ந்ததும் தெருமுனையில் நின்று விற்ற பையன்கள் துப்பாக்கி வாங்கினார்கள். அவர்களைப் பார்த்துப் பயந்த மற்ற பையன்களும் வாங்கினார்கள். 1987-ல் இந்த நகரத்தில் 24 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்கள் 22 பேர் கொல்லப்பட்டார்கள். 1990-ல் அந்த எண்ணிக்கை 73. எல்லா வயதினரையும் சேர்த்தால் அந்த ஆண்டு மட்டும் 152 கொலைகள். அதன் பிறகு உச்சம் தணிந்தாலும், 1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரியாக 44 இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஊரே அதற்குப் பழகிவிட்டிருந்தது.

பெரும்பாலான கொலைகள் ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மாட்டபான் ஆகிய மூன்று பகுதிகளில் நடந்தன. மூன்றும் ஏழ்மை மிகுந்தவை, கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வாழ்பவை.

கும்பல் என்றதும் ஒரு தலைவன், அவனுக்குக் கீழே தளபதிகள், ஊரெல்லாம் கிளைகள் என்று மனதில் ஒரு படம் வரும். பாஸ்டனில் இருந்தவை அப்படிப்பட்டவை அல்ல. ஒரு தெருவில் வளர்ந்த பத்து இருபது பையன்கள் சேர்ந்து திரிவார்கள், பல சமயம் அந்தத் தெருவின் பெயரே குழுவின் பெயராக இருக்கும். அடுத்த தெருப் பையன்களோடு ஏதோ ஒரு முன்விரோதம் இருக்கும். அது எதில் தொடங்கியது என்பது சுடுகிறவனுக்கே பல நேரம் தெரியாது.

முதலில் செய்த தவறு

1980-களின் கடைசி வரை, நகரத்தில் கும்பல் பிரச்சினை என்று ஒன்று இருப்பதையே காவல்துறை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்ட பிறகு எதிர்முனைக்குத் தாவியது. 1989-ல் கும்பலோடு தொடர்புடையவர்கள் என்று கருதப்படுகிறவர்களைக் கண்ட இடத்தில் நிறுத்திச் சோதனை போடலாம் என்ற நிலைமை வந்தது. யார் தொடர்புடையவர், யார் இல்லை என்பதைத் தெருவில் நிற்கிற அதிகாரியே தீர்மானித்தார். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகிறவனும் சுவரோடு சாய்த்து நிறுத்தப்பட்டான்.

அந்த ஆண்டு அக்டோபரில் மிஷன் ஹில் பகுதியில், காரில் இருந்த கர்ப்பிணி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் இருந்த கணவருக்கும் குண்டுக்காயம். சுட்டது ஒரு கறுப்பின ஆள் என்று அவர் சொன்னார். போலீஸ் மிஷன் ஹில்லையே சல்லடை போட்டுத் தேடியது. இளைஞர்களை நடுத்தெருவில் நிறுத்தி உடையைக் களைந்து சோதித்ததாகப் பகுதி மக்கள் குமுறினார்கள். 1990 ஜனவரியில் உண்மை வெளியே வந்தது. கொலையைச் செய்தது கணவர்தான். மாட்டிக்கொள்ளப்போவது தெரிந்ததும் அவர் பாலத்திலிருந்து குதித்து இறந்துபோனார். அதற்குள் குற்றமற்ற இருவர் சந்தேக வளையத்துக்குள் இழுக்கப்பட்டு அவர்களுடைய வாழ்க்கை சிதைந்திருந்தது.

தெருச் சோதனைகளை நடத்திய சிறப்புப் பிரிவு 1990-ல் கலைக்கப்பட்டது. காவல்துறையின் செயல்பாட்டை ஆராய்ந்த ஒரு குழு 1992-ல் கடுமையான அறிக்கை கொடுத்தது. ஆனால் அறிக்கையால் சரிசெய்ய முடியாத ஒரு சேதம் நடந்துவிட்டிருந்தது. கொலை நடந்தால் பார்த்தவர் யாரும் வாய் திறப்பதில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்த அம்மாவுக்கு, சுட்டவன் மேல் இருந்த அளவு பயம் போலீஸ் மேலும் இருந்தது. சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது. வழக்கு நிற்காவிட்டால், செத்தவனின் நண்பர்கள் தாங்களே கணக்குத் தீர்க்கக் கிளம்புவார்கள். இந்தச் சுழற்சிதான் தெருக் கும்பல் வன்முறையின் இயந்திரம். அதற்கு எண்ணெய் ஊற்றியதில் காவல்துறைக்கும் பங்கு இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்த நிகழ்வை எழுத முடியாது.

1992: இரண்டு திருப்பங்கள்

அந்த ஆண்டு மே மாதம், மாட்டபானில் ஒரு தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞன் ஒருவனுக்கு இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் நிறைந்திருந்த அந்தக் கூடத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து, இன்னொரு இளைஞனை அடித்துக் கத்தியால் குத்தியது. அதுவரை தெருவோடு பெரிதாகத் தொடர்பு வைத்துக்கொள்ளாத மதகுருமார்கள் பலர் அன்றோடு மாறினார்கள். நீங்கள் தெருவுக்குப் போகாவிட்டால் தெரு உங்களிடம் வரும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். டென்பாயிண்ட் கூட்டணி என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, இரவுகளில் ஆபத்தான தெருக்களில் நடக்க ஆரம்பித்தார்கள். இவர்களில் சிலர் அதுவரை காவல்துறையைக் கடுமையாக விமர்சித்து வந்தவர்கள். அதனால்தான் பிற்பாடு அவர்கள் போலீஸுக்குப் பக்கத்தில் நின்றபோது மக்கள் அதை மதித்தார்கள்.

இரண்டாவது திருப்பம் சிறியது. ஆனால் எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. டார்செஸ்டர் நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலர்கள் இருந்தார்கள். சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனைகளோடு வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிப்பது அவர்கள் வேலை. இரவு இத்தனை மணிக்கு மேல் வீட்டில் இருக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போடுவார். ஆனால் அலுவலரோ பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். பையன் இரவில் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. உத்தரவு காகிதத்தோடு நின்றது, பையன்களுக்கும் அது தெரியும். மறுபக்கம், தெருவில் யார் யாரோடு திரிகிறான் என்பது போலீஸுக்குத் தெரியும், ஆனால் யாருக்கு என்ன நிபந்தனை என்பது தெரியாது. இரண்டு பேருடைய வேலையும் ஒரே பையன்களைப் பற்றியது, இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் தொடங்கிய பேச்சின் விளைவாக, 1992 நவம்பரில் ஒரு இரவு இரண்டு நன்னடத்தை அலுவலர்களும் கும்பல் தடுப்புப் பிரிவுக் காவலர்களும் ஒரே காரில் கிளம்பினார்கள். அன்றைக்கே ஒரு துப்பாக்கிச் சூடு. சம்பவ இடத்தில் கூட்டம் கூடியிருந்தது. காரிலிருந்து போலீஸ் இறங்கியபோது கூட்டத்தில் நின்ற பையன்கள் அசையவில்லை. போலீஸைப் பார்ப்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் பின்னால் இறங்கியவர்கள் தங்கள் நன்னடத்தை அலுவலர்கள் என்று தெரிந்ததும் சிலர் முகத்தை மறைத்துக்கொண்டு நழுவப் பார்த்தார்கள்.

இதற்கு ஆபரேஷன் நைட் லைட் என்று பெயர் வைத்தார்கள். இரவில் வீட்டுக் கதவைத் தட்டி, பையன் இருக்கிறானா என்று கேட்பார்கள். அவ்வளவுதான். பல வீடுகளில் பெற்றோர் இவர்களை வரவேற்றார்கள். ராத்திரியில் வெளியே போகாதே என்று சொல்வதற்கு அந்தத் தாய்க்கு ஒரு துணை கிடைத்தது. நண்பர்கள் கூப்பிட்டால் மறுப்பதற்குப் பையனுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ‘என் ஆபீசர் வந்துடுவாரு’ என்று சொல்லிவிடலாம், கோழை என்ற பெயர் வராது.

1995: கவனித்தவை

1995 தொடக்கத்தில், மத்திய அரசின் தேசிய நீதி நிறுவனம் கொடுத்த நிதியோடு ஹார்வர்டின் கென்னடி பள்ளி ஆய்வாளர்கள் மூவர் இதற்குள் வந்தார்கள். அவர்களோடு ஒரு பணிக்குழு உருவானது. இளைஞர் வன்முறைத் தடுப்புப் பிரிவுக் காவலர்கள், நன்னடத்தை மற்றும் பரோல் அலுவலர்கள், மாவட்ட அரசு வழக்கறிஞர்கள், மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு, சிறார் சேவைத் துறை, நகராட்சி சம்பளத்தில் தெருவில் பையன்களோடு பழகி வேலை செய்கிற தெருப் பணியாளர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். துறைத் தலைவர்களைவிட, தினமும் தெருவில் நிற்பவர்களே அந்தக் குழுவின் உயிர்.

திட்டத்தின் பெயரே பாஸ்டன் துப்பாக்கித் திட்டம். துப்பாக்கி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. தடம் பார்த்ததில் பயனுள்ள தகவல்கள் கிடைத்தன. இளைஞர்களிடம் பறிமுதலான துப்பாக்கிகளில் தடம் காண முடிந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமானவை அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில்தான் முதலில் விற்கப்பட்டிருந்தன. கடையிலிருந்து வெளிவந்து அதிக நாள் ஆகாத கைத்துப்பாக்கிகளும் கணிசமாக இருந்தன. அதற்கான நடவடிக்கைகளும் நடந்தன. ஆனால் குழுவின் கவனத்தைத் திருப்பியது வேறொன்று.

ஒரு அறையில் நகர வரைபடத்தை விரித்து வைத்து, காவலர்களையும் நன்னடத்தை அலுவலர்களையும் தெருப் பணியாளர்களையும் சுற்றி உட்கார வைத்தார்கள். கேள்விகள் எளியவை. எந்தெந்தக் குழு எங்கே நிற்கிறது? எத்தனை பேர்? யாருக்கு யாரோடு பகை? அவர்கள் பேனாவால் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையே பகைக்குக் கோடு இழுத்தார்கள். அப்புறம் 1990 முதல் 1994 வரை துப்பாக்கியாலோ கத்தியாலோ கொல்லப்பட்ட, 21 வயதும் அதற்குக் குறைவுமான 155 பேரின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். இவன் ஏன் செத்தான்? சுட்டது யார்? பல வழக்குகளில் கோப்பில் பதில் இல்லை, ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வரைபடம் முடிந்தபோது அதில் 61 குழுக்கள் இருந்தன. உறுப்பினர்கள் அதிகபட்சம் சுமார் 1,300 பேர். நகரத்தில் உள்ள இளைஞர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்த மூன்று பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 3 சதவீதம்தான். இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் இந்தச் சின்ன வட்டத்துக்குள் நடந்தது. செத்த 155 பேரில் 75 சதவீதம் பேரும், கொன்றதாக அடையாளம் காணப்பட்ட 125 பேரில் 77 சதவீதம் பேரும் முன்பே நீதிமன்றப் படி ஏறியவர்கள். அதுவும் ஒரு முறை இரண்டு முறை இல்லை, சராசரியாக ஒவ்வொருவர் மேலும் ஒன்பதுக்கு மேற்பட்ட முறை குற்றச்சாட்டு பதிவாகியிருந்தது. பலர் சாகும்போதோ கொல்லும்போதோ நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார்கள்.

கொன்றவன் பட்டியலும் செத்தவன் பட்டியலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. இன்றைக்குச் சுட்டவன் நாளைக்குச் சுடப்படுகிறவன். கொலைகளுக்குப் பின்னால் போதைப்பொருள் பணத் தகராறைவிடப் பழைய பகையும் பழிக்குப் பழியும் அதிகம் இருந்தன. துப்பாக்கி வைத்திருந்ததற்குப் பேராசையைவிடப் பயமே பெரிய காரணமாக இருந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் 1989-ன் தெருச் சோதனைகள்தான் நினைவுக்கு வருகின்றன. 100 பேரில் 97 பேருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத தெருக்களில் 100 பேரையும் சுவரோடு நிறுத்தினார்கள். மீதி 3 பேர் யார் என்பது அதே காவல்துறையில் சிலருக்குப் பெயரோடு தெரிந்திருந்தது. யாரும் அவர்களை உட்கார வைத்துக் கேட்கவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

சரி, 1,300 பேரை என்ன செய்வது? எல்லோரையும் கைது செய்ய முடியாது. செய்தாலும் சிறையில் அடைத்து வைக்க ஆதாரம் இல்லை. நல்வழி காட்டும் திட்டங்கள் இருந்தன, ஆனால் எதிரி தெருவைத் தாண்டிப் போனால் சுட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவனால் பயிற்சி வகுப்புக்குக்கூடப் போக முடியாது.

பதில் வெளியிலிருந்து வரவில்லை. இதுவரை எது வேலை செய்தது என்று ஆய்வாளர்கள் கும்பல் தடுப்புக் காவலர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தபோது, அவர்கள் தாங்கள் முன்பு கையாண்ட ஒரு தெருவின் கதையைச் சொன்னார்கள். அந்தக் குழு தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தது. காவலர்கள் நேராகப் போய், நாங்கள் இங்கே இருப்பது நீங்கள் சுடுவதால்தான், சுடுவது நிற்கிற வரைக்கும் போகமாட்டோம் என்று சொன்னார்கள். அப்புறம் சொன்னபடியே நின்றார்கள். பொது இடத்தில் குடித்தால் வழக்கு. பதிவு இல்லாத வண்டி பறிமுதல். நிலுவையில் கிடந்த வாரண்டுகள் எல்லாம் தூசு தட்டப்பட்டன. நன்னடத்தை நிபந்தனைகள் எழுத்துக்கு எழுத்து அமலாயின. கூடவே தெருப் பணியாளர்கள் அதே பையன்களிடம், இதிலிருந்து வெளியே வர வேண்டுமானால் நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். கடைசியில் சுடுவது நின்றது, பையன்கள் சில துப்பாக்கிகளை ஒப்படைக்கவும் செய்தார்கள். காவலர்கள் இதை ஒரு பெரிய உத்தியாக நினைத்திருக்கவில்லை. ஆய்வாளர்கள்தான் அதன் மதிப்பை உணர்ந்து முறைப்படுத்தினார்கள். ஆபரேஷன் சீஸ்ஃபயர் (போர்நிறுத்தம்) என்ற திட்டம் அங்கிருந்து பிறந்தது.

முடிவின் சாரம் மூன்று விஷயங்கள். ஒன்று, குறி வைப்பது வன்முறையை மட்டும். கும்பலில் இருப்பதையோ எல்லாக் குற்றங்களையுமோ ஒரே நாளில் ஒழிப்பதாகப் பேச்சே கிடையாது. இரண்டு, ஒருவன் சுட்டால் விளைவு முழுக் குழுவுக்கும். சுடச் சொல்லித் தூண்டுகிற அதே நண்பர்கள், இனி தங்கள் பிழைப்பு கெடும் என்பதால் ‘விடுடா’ என்று சொல்ல ஆரம்பிப்பார்கள் என்ற கணக்கு அது. மூன்றாவதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். எதையும் ரகசியமாக வைக்காமல், முன்கூட்டியே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 61 குழுக்கள் மேலும் ஒரே நேரத்தில் இப்படி இறுக்க ஆள் இல்லை. ஆனால் எச்சரித்த பிறகு முதலில் சுடுகிற குழுவின் மேல் முழு பலத்தையும் இறக்குவோம் என்று எல்லோரிடமும் சொல்ல முடியும். அந்த முதல் குழுவாக இருக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆற்றில் கரைத்த புளியாகப் போகவிருந்த ஆள்பலம் இப்படித்தான் போதுமானதாக ஆனது.

1996 மே: நீதிமன்றத்தில் நடந்த கூட்டம்

1996 வசந்தத்தில் டார்செஸ்டரில் ஒரு குழுவைச் சுற்றி வன்முறை வெடித்தது. அந்தப் பகுதியில் முதலில் கண்காணிப்பு இறுகியது. மே 15 அன்று அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களை டார்செஸ்டர் நீதிமன்றத்துக்கு வரவழைத்தார்கள். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு அது கட்டாயம். மற்றவர்களைத் தெருப் பணியாளர்கள் பேசி அழைத்து வந்தார்கள். யாரையும் கைது செய்யமாட்டோம், இது பேசுவதற்கான கூட்டம் என்று சொல்லியே அழைத்தார்கள். அந்த வாக்கையும் காப்பாற்றினார்கள்.

இளைஞர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, எதிரே காவலர்கள், நன்னடத்தை அலுவலர்கள், மாவட்ட வழக்கறிஞர் தரப்பு, மத்திய அரசு வழக்கறிஞர் தரப்பு, போதைப்பொருள் தடுப்பு முகமை, சிறார் சேவைத் துறை, மதகுருமார்கள், தெருப் பணியாளர்கள். வழக்கமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாத துறைகள் அவை. இன்னாருக்குத் தெரியாமல் இன்னாரிடம் தப்பிவிடலாம் என்று பழகியிருந்த பையன்களுக்கு, எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த காட்சியே பாதிச் செய்தியைச் சொல்லிவிட்டது.

பேச்சு நேரடியாக இருந்தது. இந்தத் தெருக்களில் இத்தனை பேர் செத்துவிட்டார்கள், இது நிற்க வேண்டும். நீங்கள் விற்பதைக் கண்டுகொள்ளமாட்டோம் என்று யாரும் பேரம் பேசவில்லை, வழக்கமான போலீஸ் வேலை வழக்கம்போல் நடக்கும். ஆனால் சுட்டால் நடப்பது வழக்கமானதாக இருக்காது. வேலை, படிப்பு, பாதுகாப்பு என்று உதவி வேண்டுமானால் இந்த அறையிலேயே அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே கேட்டதை உங்கள் நண்பர்களிடமும் எதிரிகளிடமும் போய்ச் சொல்லுங்கள்.

இந்தக் காலத்துக் கூட்டங்களில் ஒரு சுவரொட்டியும் காட்டப்பட்டது. நீண்ட குற்றப் பின்னணி உள்ள ஓர் ஆள் ஒரே ஒரு தோட்டாவோடு பிடிபட்டிருந்தார். துப்பாக்கி இல்லை, தோட்டா மட்டும். கடும் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் தோட்டா வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். பழைய வன்குற்றத் தண்டனைகள் மூன்று இருந்தால் குறைந்தபட்சம் 15 ஆண்டுகள். அவருக்குக் கிடைத்தது 20 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு, பரோல் கிடையாது. மாநில நீதிமன்றத்தில் சில மாதங்களில் வெளியே வந்து பழகியவர்களை இது உலுக்கியது. எச்சரிக்கையாக அது வேலை செய்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு தோட்டாவுக்கு இத்தனை ஆண்டுகள் என்பது நியாயமா என்று கேட்டால், எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு மனிதனின் வாழ்நாளில் கால் பகுதியை மற்றவர்களுக்கான சுவரொட்டியாக்கும்போது அந்தச் சங்கடத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

1996 ஆகஸ்ட்: சொன்னதைச் செய்தது

ராக்ஸ்பரியில் எல்லோரும் பயந்த ஒரு குழு எச்சரிக்கைகளைக் காதில் வாங்கவில்லை. ஆகஸ்டில் மத்தியப் போதைப்பொருள் தடுப்பு முகமையும் நகரக் காவல்துறையும் சேர்ந்து ஒரே நடவடிக்கையில் அந்தக் குழுவின் முக்கியமானவர்கள் 15 பேரை மத்தியச் சட்டத்தின் கீழ் போதைப்பொருள் வழக்குகளில் கைது செய்தன. வேறு சிலர் மாநில வழக்குகளில் மாட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் முந்தைய கைது வேட்டைகளிலிருந்து இதை வேறுபடுத்தியது. முன்பெல்லாம் ஒரு குழு பிடிபட்டால், ஏன் பிடிபட்டார்கள் என்பது பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது. போதைப்பொருள் விற்றதால் என்று நினைப்பார்கள், கொஞ்ச நாள் பதுங்கிவிட்டுத் திரும்ப வருவார்கள். இந்த முறை அந்தந்தத் தெருக்களில் கூட்டம் போட்டு, அவர்கள் எச்சரிக்கப்பட்டார்கள், அப்படியும் சுட்டார்கள், அதனால் இது நடந்தது என்று விளக்கினார்கள். மே மாதக் கூட்டத்தில் சொன்னது வெறும் வாய்ப்பேச்சில்லை என்பது ஊருக்கே புரிந்தது.

இதன் பிறகு இவ்வளவு பெரிய கைது நடவடிக்கைக்கு அடிக்கடி தேவை வரவில்லை. பல இடங்களில் எச்சரிக்கையே போதுமானதாக இருந்தது.

பலன், அதைப் பற்றிய சர்ச்சை

சீஸ்ஃபயர் தொடங்கியதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட மதிப்பீட்டில், மாதாந்தர இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்திருந்தன. துப்பாக்கித் தாக்குதல்கள் 25 சதவீதமும், சுடும் சத்தம் கேட்கிறது என்று காவல்துறைக்கு வந்த அழைப்புகள் 32 சதவீதமும் குறைந்தன. 1999-ல் நகரம் முழுக்க நடந்த கொலைகள் 31. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 152.

1990-களில் அமெரிக்கா முழுவதுமே கொலைகள் குறைந்தன என்பது நியாயமான ஆட்சேபம். ஆய்வாளர்கள் மற்ற பெரிய நகரங்களோடும், பாஸ்டன் இருக்கிற நியூ இங்கிலாந்துப் பகுதியின் நகரங்களோடும் ஒப்பிட்டு, பாஸ்டனின் சரிவு தனித்துத் தெரிகிறது என்றார்கள். வேறு சில அறிஞர்கள், ஒரே நகரத்தில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் செய்ததால் இதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். இருந்தாலும் பிற்பாடு திட்டம் மறுபடி தொடங்கிய காலத்தை வைத்து 2014-ல் வந்த ஆய்வு, சீஸ்ஃபயர் தொட்ட குழுக்களை அதேபோன்ற மற்றக் குழுக்களோடு ஒப்பிட்டது. தொட்ட குழுக்களில் துப்பாக்கிச் சூடுகள் 31 சதவீதம் குறைவாக இருந்தன. முன்னதைவிட இது உறுதியான சான்று, குறைவின் அளவு சிறியதாக இருந்தாலும்.

2000: நின்றுபோனது

2000-த்தின் தொடக்கத்தில் சீஸ்ஃபயர் நடைமுறையில் நின்றது. யாரும் அதை ரத்து செய்து உத்தரவு போடவில்லை. கூட்டங்களை முன்னின்று நடத்திய அதிகாரி வேறு பணிக்கு மாற்றப்பட்டார். பணிக்குழுவின் கவனம் சிறையிலிருந்து திரும்புகிறவர்கள், குடும்பப் பிரச்சினைகள் என்று பல பக்கம் விரிந்தது. அவையும் தேவையான வேலைகள்தான், ஆனால் சுடுகிறவர்கள் மேல் வைத்த கண் விலகியது. மதகுருமார்களுக்குள்ளும் பிளவு வந்தது. வன்முறைதான் குறைந்துவிட்டதே என்ற நிம்மதியும் சேர்ந்துகொண்டது.

கொஞ்ச நாளில் புதுத் தலைமுறை தெருவுக்கு வந்தது. 1996 கூட்டத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2005-ல் நகரத்தின் கொலைகள் 70-ஐத் தாண்டின. புதிய காவல் ஆணையர் வந்த பிறகே, 2007-ல், திட்டத்துக்கு மறுபடி முறையாக உயிர் வந்தது. இடைப்பட்ட ஆறேழு ஆண்டுகளில் போன உயிர்களில் எத்தனையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. அந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலும் இதே கதை நடந்தது. 2012-ல் இதே வழியில் தொடங்கினார்கள், துப்பாக்கிக் கொலைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, 2020 வாக்கில் திட்டம் தளர்ந்தது, கொலைகள் ஏறிய பிறகு மறுபடி தூசு தட்டினார்கள்.

மாற வேண்டியவை

இந்த நிகழ்வைத் தங்கள் ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் முதலில் கூட்டத்தைத்தான் நகலெடுக்கிறார்கள். நீதிமன்ற அறையும் வரிசையாக உட்கார்ந்த அதிகாரிகளும் பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கும். வரைபடம் போட்ட வேலையைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். யார் சுடுகிறார்கள் என்று தெரியாமல் கூட்டம் போட்டால், சம்பந்தமில்லாத பையன்களைக் கூப்பிட்டு மிரட்டியதாக முடியும். அது 1989-க்கே திரும்பிப் போவது.

அந்த வரைபடமும் ஆபத்தில்லாதது இல்லை. ஒரு பையனின் பெயர் பட்டியலில் ஏறுவது எளிது, இறங்குவது கடினம். யார் எந்த ஆதாரத்தில் சேர்த்தார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை, பெயர் தவறாக இருந்தால் யாரிடம் முறையிடுவது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்டன் குழு இதற்கு உரிய கவனம் கொடுக்கவில்லை என்பது என் மதிப்பீடு.

உதவிக் கரமும் தண்டனைக் கரமும் ஒரே பலத்தில் இருக்கவில்லை. மத்திய வழக்கறிஞர் சொன்ன தண்டனை நிச்சயமாக வந்தது. வேலை வேண்டும் என்று கை தூக்கியவனுக்கு அதே நிச்சயம் கிடைக்கவில்லை. தெருப் பணியாளர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள், ஆனால் அவர்கள் கையில் இருந்த வாய்ப்புகள் குறைவு. மறுபடி செய்வதானால், கூட்டத்துக்கு முன்பே இத்தனை வேலை, இத்தனை பயிற்சி இடம், வேறு பகுதிக்குக் குடிபெயர இத்தனை பேருக்கு ஏற்பாடு என்று கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

கூட்டங்களை முன்னின்று நடத்திய அந்த ஒரு அதிகாரியின் இடமாற்றத்தோடு எல்லாம் சரிந்ததே, அதற்கும் வழி உண்டு. வாரம் ஒரு முறை துப்பாக்கிச் சூடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிற கூட்டம், அதை நடத்துவதற்கென்றே ஒரு பதவி, அந்தப் பதவிக்கு ஆள் மாறினாலும் வேலை மாறாது என்ற உத்தரவு, எல்லாத் துறைகளின் கையெழுத்தோடு. நிதி ஒதுக்கீட்டில் அது ஒரு தனி வரியாக இருக்க வேண்டும். கொலைகள் குறைந்த ஆண்டிலும் அந்த வரியை அடிக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. 1996 கூட்டத்தில் காவல்துறை பையன்களிடம் நிறையச் சொன்னது, ஆனால் 1989-ல் அந்தத் தெருக்களுக்குத் தான் செய்ததைப் பற்றி எதுவும் சொன்னதாகப் பதிவு இல்லை. அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் சிறுவர்களாக இருந்தபோது தங்கள் அண்ணன்மார் சுவரோடு நிறுத்தப்பட்டதைப் பார்த்தவர்களாக இருக்கக்கூடும். என் கையில் இருந்தால் அந்தப் பேச்சை அங்கிருந்துதான் தொடங்கியிருப்பேன். மிஷன் ஹில் விவகாரத்தில் தவறாகச் சந்தேகிக்கப்பட்ட இருவரிடமும் அந்த மக்களிடமும் நகரத்தின் மேயர் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில். அதற்குள் 34 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த முதல் கூட்டத்துக்கு வந்து, அதன் பிறகும் உயிரோடு இருந்த பையன்களுக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும்.